மோருக்கு ஊற்றிய தண்ணீர்

போன வாரம் காலையில் என் செல்போனில் ஒரு செய்தி வந்தது. எங்கள் பக்கம் குழாய் உடைந்திருக்கிறதாம். "பொதுமக்கள் குடிநீரைக் காய்ச்சிக் குடிக்கவும்" என்று போட்டிருந்தது. அவ்வளவுதான், வேறு ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, கீழே இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். குரலில் மரியாதை இருந்தது, குறை சொல்ல முடியாது.

"எல்லாருக்கும் அனுப்பியாச்சு மேடம்" என்றாள்.

"அனுப்பினது இருக்கட்டும்மா. யாருக்காவது புரிஞ்சுதா?"

"எல்லா நம்பருக்கும் போயிடுச்சுன்னு காட்டுது மேடம்."

நான் போனை வைத்துவிட்டேன். கிழவி பொழுது போகாமல் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருப்பாள். நினைக்கட்டும். ஆனால் அந்த வாக்கியத்தை எனக்குத் தெரியும். அறுபதுகளின் பின்பாதியில், கிட்டத்தட்ட அதே வாக்கியத்தை நான் இந்தக் காஞ்சிபுரத்தில் வீடு வீடாகச் சுமந்துகொண்டு போயிருக்கிறேன். அது என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் தண்ணீர் ஆபீசில் வேலை பார்த்தவள். ஆர்டரில் என் வேலைக்கு நீளமாக ஒரு பெயர் போட்டிருந்தார்கள். தெருவில் எனக்குப் பெயர் குழாயம்மா. குழாயை நான் ஒருநாளும் முடுக்கியதில்லை, வாய்தான் என் பிழைப்பு. எந்த நேரம் தண்ணீர் வரும், ஏன் வராது, எப்படிப் பிடித்து வைக்க வேண்டும், எதைக் கலந்திருக்கிறோம், இதையெல்லாம் பெண்களிடம் போய்ச் சொல்வது. ஆண்கள் போனால் சமையல்கட்டு வரைக்கும் விடமாட்டார்கள் என்று ஒரு பெண்ணைத் தேடினார்கள். நான் முசரவாக்கத்துக்காரி, பத்தாவது தேறியிருந்தேன். "கழனியில நிக்க வேண்டிய பொண்ணு, கண்டவன் வூட்டு அண்டாவை எட்டிப் பார்க்கப் போறாளே" என்று அப்பா கத்தினார். கத்திவிட்டு அவரே பஸ் ஏற்றியும் விட்டார்.

பயிற்சி என்று மெட்ராசுக்கு அனுப்பினார்கள். கிருமியைப் பெரிதாக்கிப் படம் காட்டினார்கள், எனக்குச் சோறு இறங்கவில்லை. பிளீச்சிங் பவுடர் கரைக்கக் கற்றுக்கொண்டேன். திரும்பி வந்ததும், அங்கே கற்றதில் பாதியை மறந்துவிடச் சொன்னார் எங்கள் ஓவர்சியர் தணிகாசலம்.

அந்த மனிதரைப் பற்றி நின்று சொல்ல வேண்டும். ஒல்லி உடம்பு. வெயிலோ மழையோ கையில் குடை. வாயில் எப்போதும் ஒரு கிராம்பு அடக்கிக்கொண்டிருப்பார், அதனாலோ என்னவோ குரல் ஏறவே ஏறாது. திட்டுவதும் அதே குரல்தான், பாராட்டுவதும் அதே குரல்தான், எது எதுவென்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. மேஜைமேல் ஒரு சிலேட்டு வைத்திருப்பார். தெருவில் சொல்ல வேண்டியதை முதலில் அதில் எழுதுவார். பிறகு ஒவ்வொரு சொல்லாக எச்சில் தொட்டு அழிப்பார். "இது போனா அர்த்தம் போகுதா? போகலியா? அப்ப இது எதுக்கு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். கடைசியில் மூச்சு விடாமல் சொல்லி முடிக்கிற நீளத்துக்கு வந்துவிடும். "நீட்டினா ஒண்ணும் நிக்காது ராஜம். குடத்தை இடுப்புல வெச்சிருக்கிறவகிட்ட பேசறோம், அவ எவ்வளவு நேரம் நிப்பா?" என்பார். அதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு.

"பயப்படாதீங்க" என்று சொல்லக் கூடாது. அதைக் கேட்ட பிறகுதான் ஜனங்கள் பயப்படுவார்கள். கிருமி என்று சொல்லக் கூடாது, சாக்கடை கலந்திருக்கிறது என்று சொன்னால் போதும். தெருவில் நெசவு நூலைப் பாவாக நீட்டியிருந்தால் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது. இதெல்லாவற்றையும்விடப் பெரிய விதி ஒன்று இருந்தது. சொல்லி முடித்ததும், கேட்டவளைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும்.

"சொல்லிட்டேன்னு வந்து நிக்காதே. அவ வாயால திருப்பிச் சொன்னாளா? அப்பதான் நீ சொன்னதா கணக்கு."

இதனால் நான் வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை. "இன்னாம்மா, எனக்கு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்றியா நீ?" என்று கேட்டவர்கள் உண்டு. "நீ கெளம்பும்மா, பாலு பொங்கிக்கினு இருக்குது" என்று கதவைச் சாத்தியவர்களும் உண்டு. ஆனாலும் திருப்பிச் சொல்ல வைத்தேன். பாதிப்பேர் நான் சொன்னதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள். அப்போதுதான் அந்த மனிதர் ஏன் பிடிவாதம் பிடிக்கிறார் என்று புரிந்தது.

நெசவுத் தெருக்கள் முதலில் அவரை நம்பவில்லை. தண்ணீரில் மருந்து வாடை அடிக்கிறது, இதில் பட்டு நூலை அலசினால் அரக்குச் சாயம் இறங்கிவிடும் என்று ஒரு பேச்சு கிளம்பிப் பாதித் தெரு குழாயை விட்டுப் பாழுங்கிணற்றுக்குப் போயிற்று. தணிகாசலம் வாதாடவில்லை. சாயக்காரரிடம் ஒரே பட்டு நூலில் இரண்டு சிட்டம் வாங்கி, ஒன்றைக் கிணற்றுத் தண்ணீரிலும் ஒன்றைக் குழாய்த் தண்ணீரிலும் எல்லாரும் பார்க்க அலசி, குழாயடியிலேயே கம்பி கட்டித் தொங்கவிட்டார். காய்ந்த பிறகு எது எதுவென்று யாராலும் சொல்ல முடியவில்லை. அதிலிருந்து அந்தத் தெருவில் ஓவர்சியர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அதுதான் வினையாக வந்து முடிந்தது.

தெருவின் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் அவர்களுடைய பேரன் பேத்திகள் இருக்கிறார்கள்.

அந்த வருஷம் சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. பாலாற்று ஊற்றும் இறங்கிவிட்டது. ஒருவேளை மட்டும் தண்ணீர் விட்டோம். தண்ணீர் ஓடாத நேரத்தில் குழாய் வெறுமையாகக் கிடக்கும், ஓட்டை இருந்தால் வெளியே இருக்கிற அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்தத் தெரு முனையில் குழாய் சாக்கடைக்கு அடியில் போகிறது. அங்கே விரிசல் விட்டிருந்தது. ஆட்கள் தோண்ட ஆரம்பித்தார்கள். அதுவரைக்கும் ஜனங்களுக்கு என்ன சொல்வது?

தணிகாசலம் சிலேட்டை எடுத்தார். நிறைய எழுதினார், நிறைய அழித்தார். மிஞ்சியது இதுதான்: "குழாயில் சாக்கடை கலந்திருக்கிறது. குடிக்கிற தண்ணீரைக் கொதிக்கக் காய்ச்சிக் குடியுங்கள்."

நான் வீடு வீடாகப் போனேன். ஒருத்தி விடாமல் திருப்பிச் சொல்ல வைத்தேன். எல்லாரையும்விடத் தெளிவாகச் சொன்னவள் சகுந்தலா. வாலாஜாபாத்திலிருந்து அந்தத் தெருவுக்கு வாழ வந்தவள், தறிக்காரர் சண்முகத்தின் மனைவி, சின்ன வயது. நான் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே ஓடி, அடுப்பில் தவலை ஏற்றியிருந்ததைக் காட்டினாள். "குடிக்கிற தண்ணியக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சணும். சரிதானேம்மா?" என்று சிரித்தாள். இன்னொரு தரம் சொல்லட்டுமா என்றும் கேட்டாள்.

இரண்டொரு நாள் கழித்து அவர்கள் வீட்டுப் பாவு தெருவுக்கு வந்தது. பாவு என்றால் புடவையின் நீளவாட்டு இழை. விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், அதைத் தெரு நெடுக நீட்டி இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழையை முடிந்து, பிரித்துக் காயவைத்துச் சுருட்ட வேண்டும். ஒரு வீட்டு ஆட்களால் நடக்கிற காரியமில்லை. இன்றைக்கு உன் பாவுக்கு நான், நாளைக்கு என் பாவுக்கு நீ. கூலி கிடையாது. பாவுக்காரர் வீட்டில் குடிக்கக் கொடுப்பார்கள், அதுதான் வழக்கம். கோடையில் நீர்மோர். எதிர்வீட்டுக் கன்னியம்மாவின் ஒரே மகன் முருகேசன் அன்றைக்குப் பாவின் ஒரு முனையைப் பிடித்தான். அவனுக்கு ஆடி கழிந்து கல்யாணம் வைத்திருந்தார்கள்.

மறுநாள் அவனுக்கு வாந்திபேதி கண்டது. ஜட்காவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் போய்ப் பார்த்தபோது கன்னம் ஒட்டிக் கண் உள்ளே போய்விட்டிருந்தது. அவ்வளவு பெரிய ஆள் ஒரு நாளில் அப்படி வற்றுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கன்னியம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "எந்திரிடா, எந்திரிடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் போய்விட்டான். அன்றைக்குப் பாவு பிடித்தவர்களில், தறி அச்சில் இழை பிணைக்கிற பெரியவர் ஒருவரும் போனார். இன்னும் பலர் படுத்துக் கிடந்தார்கள், அவர்கள் பிழைத்தார்கள்.

தணிகாசலமும் நானும் வீடு வீடாக ஏறினோம். எங்கே போனாலும் காய்ச்சின தண்ணீர்ப் பானையைத் திறந்து காட்டினார்கள். அது பொய்யில்லை. அதே பானையில் குடித்த பெண்களும் பிள்ளைகளும் நன்றாக இருந்தார்கள். படுத்தவர்கள் பாவு பிடித்தவர்கள் மட்டும்தான். சகுந்தலா வீட்டுக்கு வந்தோம். அவள் மாமனாரும் உள்ளே சுருண்டு கிடந்தார். அவளே வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து வந்தாள்.

"அன்னிக்கு எல்லாருக்கும் குடிக்க இன்னாம்மா குடுத்தீங்க?" என்று கேட்டார் தணிகாசலம்.

"மோருதான் சார். வெய்யில்ல நிக்கிறாங்களேன்னு நல்லா நீர்க்கக் கரைச்சுக் குடுத்தேன்."

"தண்ணி?"

"தண்ணி யாரும் கேக்கல சார். கேட்டிருந்தா காய்ச்சினது இருந்துச்சு."

"மோருக்கு ஊத்தின தண்ணிம்மா."

அவள் அண்டாவைத் திரும்பிப் பார்த்தாள். குழாயில் பிடித்து ஊற்றி வைத்திருந்த அண்டா. "குடிக்கிற தண்ணியத்தானே சார் காய்ச்சச் சொன்னீங்க? சூடு ஊத்தினா மோரு திரிஞ்சிடுமே" என்றாள். சொல்லி முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தணிகாசலம் வாயிலிருந்த கிராம்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

விஷயம் தெருவுக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? "மோர் குடுத்துக் கொன்னுட்டாளே பாவி" என்று குழாயடியில் அவள் காதுபடப் பேசினார்கள். அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். இனி அந்த வீட்டுப் பாவுக்கு யாரும் கை கொடுப்பதில்லை என்று தெரு முடிவு செய்துவிட்டது. இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. தெரு வராவிட்டால் பாவு இல்லை, பாவு இல்லாவிட்டால் தறி நின்றுபோகும். சண்முகத்துக்கு வேறு தொழில் தெரியாது. தறி நின்றால் அந்தக் குடும்பம் ஊரைவிட்டுப் போவதைத் தவிர வழியில்லை.

எங்கள் எஞ்சினியர் தணிகாசலத்தைக் கூப்பிட்டார். நான் வாசலில் நின்றிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

"நாம சொல்லியாச்சு ஓவர்சியர். வீட்டு வீட்டுக்கு ஆள் விட்டுச் சொல்லியாச்சு. ஒரு பொம்பளை புத்தியில்லாம செஞ்சதுக்கு நாம பொறுப்பா? இனிமே அந்தத் தெருவுல யாரும் வாயத் திறக்க வேணாம்."

தணிகாசலம் வெளியே வந்து, "காலையில குழாயடிக்கு வா ராஜம். தமுக்கடிக்கிறவரையும் வரச் சொல்லு" என்றார்.

மறுநாள் தண்ணீர் விடுகிற நேரம். வரிசையில் குடமாக நின்றது. தமுக்கு அடித்து ஓய்ந்ததும் அவர் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு முன்னால் போனார். வாழ்நாளில் முதல்தடவையாகக் கத்திப் பேசினார். பழக்கமில்லாத தொண்டை, நடுவில் உடைந்து உடைந்து வந்தது.

"குடிக்கிற தண்ணியக் காய்ச்சுங்கன்னு சொன்னோம். மோருக்கு ஊத்துற தண்ணிய நாங்க சொல்லல. சுருக்கமா இருக்கணும்னு நான்தான் வெட்டினேன். சகுந்தலா அம்மா நாங்க சொன்னதைச் சொன்னபடி செஞ்சாங்க. குத்தம் எங்களுது."

குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அதை மூடக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

"யாராவது ஒருத்தர் திருப்பிச் சொல்லணும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இங்கேயுமா இது? இந்த மனிதருக்குப் பைத்தியமா? மகன் போன நாளிலிருந்து வாசற்படியைவிட்டு இறங்காத கன்னியம்மா எழுந்து வந்தாள். தலை விரிந்து கிடந்தது. நேராக அவர் முகத்துக்கு எதிரே வந்து நின்றாள்.

"நான் சொல்றேன்பா. காய்ச்சச் சொன்னது நீ. எது எதுக்குன்னு முழுசாச் சொல்லாம வுட்டதும் நீ. அவ நீ சொன்னபடி செஞ்சா. எம்புள்ள செத்துட்டான். சரியாச் சொன்னேனா?"

"சரியாச் சொன்னீங்கம்மா" என்றார் தணிகாசலம்.

அவள் திரும்பிப் போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டாள். அவர் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போன பிறகு குடையை விரிக்க முயன்றார், முடியவில்லை. நான் வாங்கி விரித்துக் கொடுத்தேன்.

அந்த மாதமே அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். குழாய்களை அடுக்கி வைக்கிற கிடங்குக்குப் பொறுப்பு. ஜனங்களோடு ஒரு வார்த்தை பேசத் தேவையில்லாத வேலை. போகிற அன்று சிலேட்டை என்னிடம் கொடுத்தார். அதில் இம்முறை நீளமாக எழுதியிருந்தது. வாய்க்குள்ளே போவதெல்லாம் காய்ச்சின தண்ணீர், குடிக்க, மோருக்கு, கூழுக்கு, பல் விளக்க, பச்சைப் பிள்ளைக்கு மருந்து உரைக்க என்று போய்க்கொண்டே இருந்தது, இடம் போதாமல் ஓரத்திலும் எழுதியிருந்தார். "நின்னு கேக்கலன்னா?" என்று கேட்டேன். "நீ கூடவே நட" என்றார். நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் அப்படித்தான் நடந்தேன்.

சண்முகத்தின் அடுத்த பாவு வந்தது. முதல்நாள் சாயங்காலம் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டிருக்கிறான், வருகிறேன் என்றும் யாரும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. விடிந்ததும் நான் போய்த் தெருமுனையில் நின்றேன். போகாமல் இருக்க முடியவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் சுருட்டிய பாவை வைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றார்கள். ஒரு கதவும் திறக்கவில்லை. வெயில் ஏறினால் கஞ்சி உடனே இறுகிவிடும். சகுந்தலா அழக்கூட இல்லை, தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கன்னியம்மா கையில் ஒரு சொம்போடு வந்தாள். சொம்பைத் தன் காலடியில் வைத்தாள். முருகேசன் பிடித்த அதே முனையைக் கையில் எடுத்தாள்.

"இழுடா" என்றாள் சண்முகத்திடம். பிறகு சகுந்தலாவைப் பார்த்து, "பாவு புடிக்கத்தான் வந்தேன். உன் வூட்டுல வாய் நனைக்க மாட்டேன். ஒண்ணும் குடுக்காதே" என்றாள்.

அவளைப் பார்த்து ஒவ்வொரு வீடாகத் திறந்தது. வந்தவர்கள் எல்லாரும் கையில் ஒரு சொம்பு கொண்டுவந்தார்கள்.

தறி நிற்கவில்லை. குடும்பம் பிழைத்தது. ஆனால் அந்த வீட்டுப் பாவுக்கு மட்டும் ஆளுக்கொரு சொம்பு தண்ணீரோடு வருவது வழக்கமாகிவிட்டது. தெருவுக்குப் புதிதாக வந்தவர்கள் அதை ஏதோ சாஸ்திரம் என்று நினைத்துத் தாங்களும் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு தடவையும் சகுந்தலா கதவோரம் நிற்பாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, யாருக்கும் எதுவும் கொடுக்க இல்லாமல் நிற்பாள். அவள் வீட்டில் மோர் கடைவதையே விட்டுவிட்டார்கள். எனக்கு அந்தத் தெருவுக்குள் போகிற நாளெல்லாம் மனசு கனத்துப் போகும்.

எழுபதுகளின் கடைசியில் கன்னியம்மா இறந்துபோனாள். காய்ச்சல்தான், தண்ணீரால் வந்ததில்லை. நானும் போயிருந்தேன். உடலைக் குளிப்பாட்டத் தெருப் பெண்கள் ஆளுக்கொரு குடம் தண்ணீர் கொண்டுவந்தார்கள். சகுந்தலாவும் ஒரு குடத்தோடு வந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது. அவள் வீட்டுத் தண்ணீர் அந்த வாசலுக்கு வந்து எத்தனையோ வருஷமாகியிருந்தது.

உள்ளேயிருந்து கன்னியம்மாவின் தங்கை வந்தாள். அவளையும் குடத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். கனமான குடம் என்று நானும் ஒரு கை கொடுத்தேன். குடம் சுட்டது.

"இன்னாம்மா இது, காய்ச்சியா கொண்டாந்தே?" என்றேன். "குளிப்பாட்டத்தானேம்மா?"

சகுந்தலா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"நீங்க எதைச் சொல்லாம வுட்டிருக்கீங்களோ, எனக்கு இன்னாம்மா தெரியும்?"

தங்கை குடத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.